8 ஜிபி போதவில்லையா? ரேம் வாங்கப் புறப்படும் முன்

உங்கள் கேள்வி இது: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறீர்கள், மகள் புதுச்சேரியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். 2021-ல் வாங்கிய மடிக்கணினி. இன்டெல் 11-ஆம் தலைமுறை ஐ5-1135ஜி7 செயலி, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. கைபேசி ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்தால் திணறுகிறது. ஒரு கடையில் இருப்பதைக் கழற்றிவிட்டு 32 ஜிபியை ஜோடியாகப் போட வேண்டும் என்றார்கள். இன்னொரு கடையில் இந்த மாடலில் ஒன்றும் செய்ய முடியாது, புதிதாக வாங்குங்கள் என்றார்கள். யாரை நம்புவது, எவ்வளவு போடுவது, கடலூரில் வாங்குவதா புதுச்சேரியிலா, வீட்டில் கிடக்கும் பழைய அரசு மடிக்கணினிக்கும் சேர்த்து வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு கடைக்காரர்களும் பின்மூடியைத் திறக்காமலே சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மாடல் பெயரை மட்டும் கேட்டு ரேம் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரே பெயரில் விற்கும் மடிக்கணினியில் ஒரு பதிப்பில் ரேம் துண்டைச் செருகும் ஸ்லாட் இரண்டு இருக்கும். இன்னொன்றில் 8 ஜிபி மதர்போர்டிலேயே கழற்ற முடியாதபடி சால்டர் செய்யப்பட்டு, கூடவே ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும். மூன்றாவதில் ஸ்லாட்டே இருக்காது. எந்த ரேம், எவ்வளவு என்பதற்கு மகளின் மேசையில் இருக்கும் அந்த ஒரு கணினியிடம்தான் பதில் இருக்கிறது. ஆகவே பணத்தை எடுக்கும் முன் அதனிடம் கேட்க வேண்டியதை முதலில் எழுதுகிறேன். கடை விவகாரம் பிறகு.

குறை ரேமில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். வழக்கம்போல ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ, எமுலேட்டர் (கணினிக்குள்ளேயே ஓடும் போலிக் கைபேசி), பிரவுசர் எல்லாவற்றையும் திறந்துவைத்து, கணினி திணறும் அதே நேரத்தில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரியைத் தொட வேண்டும். அங்கே 85 சதவீதம் என்று பார்த்ததும் பலர் பதறிவிடுகிறார்கள். அந்த எண்ணில் நின்றபடி நிம்மதியாக ஓடும் கணினிகள் ஏராளம். கீழே கமிட்டட் என்று ஒரு வரி இருக்கும், 14.1/17.6 என்பது போல இரண்டு எண்கள். முதல் எண், திறந்திருக்கும் நிரல்கள் எல்லாம் சேர்ந்து கேட்டு வாங்கியிருக்கும் நினைவகம். இருப்பது 8 ஜிபி, கேட்பு 13, 14 என்று நின்றால், மிச்சத்தை விண்டோஸ் சுருக்கி வைத்தும், எஸ்எஸ்டியில் எழுதி எழுதித் திரும்ப எடுத்தும் சமாளிக்கிறது என்று பொருள். திணறலின் காரணம் அதுதான். ரேம் வாங்குங்கள், பலன் தெரியும்.

அந்த எண் 6, 7-லேயே நின்றுகொண்டு செயலி மட்டும் 100 சதவீதத்தைத் தொட்டால் கதை வேறு. மின்விசிறியில் தூசு அடைத்துச் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கலாம். ஒன்றுக்கு இரண்டாக வைரஸ் எதிர்ப்பு நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கலாம். அப்போது ரேம் வாங்கினால் பணம் போகும், வேகம் வராது.

உங்கள் மகளின் விஷயத்தில் ரேம்தான் குறை என்பதே என் கணிப்பு. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை எமுலேட்டருடன் ஓட்ட 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது. ரேம் வரும்வரை செலவில்லாத ஒரு வழி உண்டு: எமுலேட்டரை மூடிவிட்டு, அவள் தன் கைபேசியை யுஎஸ்பி வயரில் இணைத்து, எழுதும் ஆப்பை அதிலேயே சோதிக்கலாம். சில ஜிபி அப்போதே மிச்சமாகும்.

அடுத்தது ஸ்லாட். டாஸ்க் மேனேஜரின் அதே பக்கத்தில் வேகம், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது, வடிவம் எது என்ற விவரங்கள் இருக்கும். வடிவம் என்ற இடத்தில் ரோ ஆஃப் சிப்ஸ் என்று வந்தால் ரேம் சால்டர் செய்யப்பட்டது. சோடிம் என்று வந்தால் கழற்றி மாட்டக்கூடிய துண்டு. இதை முழுவதுமாக நம்பிவிடவும் கூடாது. சால்டர் செய்த சிப்புகளையும் ஸ்லாட் என்றே கணக்கில் காட்டும் கணினிகள் உண்டு. ஸ்லாட்டே இல்லாத மெல்லிய மாடல்களில் நாலுக்கு நாலு, எட்டுக்கு எட்டு என்றெல்லாம் வரும். தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டைப் பார்ப்பதே நல்லது. டெல், எச்பி, லெனோவா மூன்றும் இவற்றை இலவசமாகத் தங்கள் தளங்களில் வைத்திருக்கின்றன. கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைக் கொடுத்துத் தேட வேண்டும். ரேம் எங்கே இருக்கிறது, எந்தத் திருகை எந்த வரிசையில் கழற்றுவது என்று படம் போட்டே காட்டியிருப்பார்கள்.

கையேட்டில் எல்பிடிடிஆர் என்று எழுதியிருந்தால் அனேகமாக அத்துடன் முடிந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அந்த வகை ரேம் பெரும்பாலும் சால்டர் செய்தே வரும். இரண்டாவது கடைக்காரர் சொன்னது சரியாக இருக்குமானால் இந்த ஒரு காரணத்தால்தான். ஆப்பிள் 2012-ல் ரெட்டினா மேக்புக் ப்ரோவில் ரேமை மதர்போர்டிலேயே ஒட்டிக் கொடுத்தது. இன்று இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம், செயலியின் பொதிக்குள்ளேயே போய்விட்டது. 16 அல்லது 32, வாங்கும் நாளில் எதை எடுத்தோமோ அதுதான் கடைசிவரை. அடுத்த மடிக்கணினி வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி ஸ்லாட் இருக்கிறதா என்பதாக இருக்கட்டும். மெல்லியதாக, எடை குறைவாக இருக்கிறது என்று விற்பனையாளர் புகழும்போது குறிப்பாகக் கேளுங்கள்.

ஸ்லாட் இருக்கிறது என்று தெரிந்தால் எந்தத் தலைமுறை ரேம் என்பது அடுத்த கேள்வி. ஐ5-1135ஜி7 உள்ள கணினியில் ஸ்லாட் இருந்தால் அது டிடிஆர்4, வேகம் 3200. டிடிஆர்4 துண்டில் 260 முனைகள், 1.2 வோல்ட், டிடிஆர்5 துண்டில் 262 முனைகள், 1.1 வோல்ட், பழைய டிடிஆர்3-ல் 204. நடுவில் உள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றொன்று உட்காராது. மேசைக் கணினி ரேமோ ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளம். இணையத்தில் அவசரமாக வாங்குபவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். பட்டியலில் சோடிம் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது துண்டின் மேல் உள்ள ஸ்டிக்கருக்கு வருவோம். 8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ-எஸ்ஏ2-11 என்பது போல ஒரு வரி இருக்கும். கடையில் பேசுபவர் எதைச் சொன்னாலும் இந்த வரிதான் சாட்சி. 8ஜிபி கொள்ளளவு. பிசி4 என்றால் டிடிஆர்4. 3200 வேகம், சில துண்டுகளில் இதையே 25600 என்று எழுதியிருப்பார்கள், நொடிக்கு எத்தனை மெகாபைட் என்ற கணக்கில். எஸ் என்ற எழுத்து மடிக்கணினி வடிவத்தைக் குறிக்கும். 1ஆர்எக்ஸ்8 என்பதில் சிப்புகளின் அமைப்பு இருக்கிறது. அதே 8 ஜிபி 1ஆர்எக்ஸ்16 என்றும் கிடைக்கும். எட்டு சிப்புக்குப் பதில் நான்கே சிப்பு. இரண்டும் வேலை செய்யும். ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால் எக்ஸ்8-ஐ எடுங்கள், வேகத்தில் சற்றே மேல். அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம்.

3200 வேண்டிய இடத்தில் 2666 துண்டைப் போட்டால் எரிந்துவிடாது. இரண்டுமே 2666-க்கு இறங்கி ஓடும். அதிக வேகத் துண்டைப் போட்டாலும் கணினி தனக்குத் தெரிந்த வேகத்திலேயே ஓட்டும். விளையாட்டுப் பிரியர்களுக்காக விற்கும் பளபளப்பான துண்டுகளின் கூடுதல் வேகத்தைப் பெரும்பாலான மடிக்கணினிகள் கண்டுகொள்வதே இல்லை.

உங்கள் கணினிக்கென்றே ஒரு விஷயம் உண்டு. கடைக்காரர்கள் இதைச் சொல்லிக் கேட்டதில்லை. இந்தச் செயலியில் இருக்கும் கிராபிக்ஸ், ஐரிஸ் எக்ஸ்இ. செயலிக்கும் ரேமுக்கும் நடுவே சேனல் எனப்படும் பாதைகள் இரண்டு உண்டு, ரேம் அந்த இரண்டு சேனலிலும் இருந்தால்தான் அது அந்தப் பெயரில், முழுத் திறனில் இயங்கும். ஒற்றைத் துண்டாக 8 ஜிபி போட்டிருந்தால் டிவைஸ் மேனேஜரில் யுஎச்டி கிராபிக்ஸ் என்று மட்டும் காட்டும். செயலியோடு சேர்ந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, நம் ரேமிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. 3200 வேக டிடிஆர்4 ஒரு சேனலில் நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டில் 51.2 ஜிபி, இந்த வித்தியாசம் நேரே அதன் தலையில் விழுகிறது. மகளை டிவைஸ் மேனேஜரில் டிஸ்பிளே அடாப்டர் என்ற இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். யுஎச்டி என்று இருந்தால் கணினி இத்தனை நாளும் ஒற்றைச் சேனலில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு 8 ஜிபி சேர்ந்ததும் அந்தப் பெயரே மாறும். பணம் எங்கே போனது என்பதைத் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

எவ்வளவு போடுவது? 8 ஜிபி துண்டோ சால்டரோ ஏற்கெனவே இருந்து, பக்கத்தில் ஸ்லாட் காலியாக இருந்தால் இன்னொரு 8 ஜிபி போட்டு 16 ஆக்குங்கள். அவள் வேலைக்கு அது சரியான அளவு. நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கர், இரண்டு மூன்று மெய்நிகர் கணினிகள், பெரிய தரவுத் தொகுப்புகள் என்று இறுதியாண்டு ப்ராஜெக்ட் போகும் என்றால் 16 ஜிபி துண்டாக வாங்கி 24 ஆக்கலாம். 8-ம் 16-ம் சேரக்கூடாது என்று பலர் சொல்வார்கள். சேரும். இரண்டிலிருந்தும் எட்டு எட்டாகச் சேர்ந்த முதல் 16 ஜிபி இரட்டைச் சேனலில் ஓடும். மிஞ்சும் 8 மட்டும் ஒற்றையில் ஓடும். அன்றாட வேலையில் அது உறைக்காது. இருப்பதைக் கழற்றி 32 ஜிபி ஜோடி போடச் சொன்ன முதல் கடைக்காரரின் யோசனை தவறில்லை, தேவைக்கு மிஞ்சியது. கழற்றிய 8 ஜிபியும் வீணாகும். செயலி 64 ஜிபிவரை தாங்கும் என்பதால் பிறகு வேண்டுமானால் பார்த்துக்கொள்ளலாம். ஒரு ஸ்லாட்டில் எவ்வளவு ஏற்கும் என்பதைக் கையேட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிராண்டு விஷயத்தில் நான் அதிகம் அலட்டிக்கொள்வதில்லை. ரேம் சிப்பைப் பெரும்பகுதி தயாரிப்பவர்கள் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூவர்தான். கிங்ஸ்டன் போன்றவர்கள் சிப்பை வாங்கித் துண்டாக்கி, சோதித்து, உத்தரவாதத்துடன் விற்கிறார்கள். பெயர் தெரிந்த எதுவும் போதும். மைக்ரானின் க்ரூஷியல் பலருக்கும் பழக்கமான பெயர்; அந்தச் சில்லறை வியாபாரத்திலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்துவிட்டது. செயற்கை நுண்ணறிவு தரவு மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டு போவதால் 2025-ன் பிற்பாதியில் ரேம் விலை எகிறியது. பெரிய நிறுவனங்கள் டிடிஆர்4 உற்பத்தியைக் குறைத்துக்கொண்டதால் பழைய தலைமுறையும் மலிவாக இல்லை. ஓராண்டுக்கு முந்தைய காணொளியில் சொன்ன விலையை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள். அன்றைக்கே இரண்டு இணையக் கடைகளிலும் ஒரு உள்ளூர்க் கடையிலும் விலை கேட்டு ஒப்பிடுங்கள்.

கடலூரா புதுச்சேரியா? கடலூர்க்காரர்களுக்கு மின்சாதனம் என்றாலே புதுச்சேரி எல்லையிலுள்ள கன்னியக்கோயிலைத் தாண்டிப் போய் வாங்கும் பழக்கம் இருந்தது. அங்கே வரி குறைவு என்பதே காரணம். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபின் ரேமுக்குக் கடலூர் லாரன்ஸ் சாலையிலும் புதுச்சேரி நேரு வீதியிலும் ஒரே வரிதான், 18 சதவீதம். வரிக்காக 25 கிலோமீட்டர் பஸ் ஏறுவதில் இன்று லாபமில்லை. ஆனாலும் இந்த முறை புதுச்சேரியில் வாங்குங்கள் என்பேன், வேறொரு காரணத்துக்காக: கணினி அங்கே இருக்கிறது, மகளும் அங்கே இருக்கிறாள். அவளே கணினியைக் கடைக்கு எடுத்துப் போய், துண்டைப் போட்டு, இயங்குவதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். பொருந்தாவிட்டால் அன்றே மாற்றிக்கொள்ளலாம். இதற்காக உள்ளூர்க் கடையில் இணைய விலையைவிடச் சற்று அதிகம் கேட்டாலும் நான் கொடுப்பேன். சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். ஒரே ஒரு துண்டுக்காக அவ்வளவு தூரம் போவதும், பழுதானால் மாற்ற மறுபடி போவதும் கட்டுப்படியாகாது.

எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி எண்ணுள்ள பில், அதில் துண்டின் சீரியல் எண். "பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ரேமுக்குப் பல ஆண்டு உத்தரவாதம் உண்டு, அதைக் கேட்டு வாங்க அந்தக் காகிதம் தவிர வேறு வழியில்லை. மாட்டியதும் சிபியு-இசட் என்ற இலவச நிரலில் எஸ்பிடி பகுதியைத் திறந்தால் துண்டைத் தயாரித்தவர் பெயர், பாகத்தின் எண், வேகம் எல்லாம் தெரியும். பெரும்பாலும் தயாரித்த வாரம்கூட இருக்கும். மேலே ஒட்டிய ஸ்டிக்கரும் இதுவும் ஒத்துப்போகவில்லை என்றால் கடையை விட்டு இறங்கும் முன்பே கேளுங்கள். கணினி இன்னும் உத்தரவாதத்தில் இருந்தால் மூடியைத் திறக்கலாமா என்று நிறுவனத்திடம் கேட்டுக்கொள்வதும் நல்லது. உங்களுடையது 2021 என்பதால் அந்தக் கவலை அனேகமாகத் தீர்ந்திருக்கும்.

மாட்டுவது சுலபம், பொறுமை மட்டும் வேண்டும். ஷிப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுமையாக அணையும். சார்ஜரைப் பிடுங்கி, திருகுகளைக் கழற்றி, மூடியை பிளாஸ்டிக் அட்டையால் நெம்பித் திறக்க வேண்டும். திருகுகளில் நீளம் வேறுபடும். நீளமானதைக் குட்டையான இடத்தில் முறுக்கினால் மேல் பக்கம் புடைத்துக்கொண்டு வரும். கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பேட்டரி இணைப்பை மெல்ல இழுத்துவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்துங்கள். துண்டை ஓரங்களில் பிடித்து, வெட்டு பொருந்தும்படி, ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் உள்ளே தள்ள வேண்டும். பொன்னிற முனைகள் அநேகமாக மறையும்வரை போக வேண்டும். பாதியில் நின்றால் கீழே அழுத்தக்கூடாது. பிறகு கீழே சாய்த்தால் இரண்டு பக்கக் கொக்கிகளும் டக்கென்று பிடித்துக்கொள்ளும்.

நிலைமின்சாரத்தைப் பற்றி இணையத்தில் பயமுறுத்துவார்கள். நம் கடற்கரை ஈரக்காற்றில் அந்த ஆபத்து வறண்ட ஊர்களைவிடக் குறைவு. தொடும் முன் ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டால் போதும். குளிர்சாதன அறையில் கம்பளத்தின் மேல் உட்கார்ந்து செய்யாதீர்கள். அதே ஈரக்காற்றின் உப்பு வேறு வேலை செய்கிறது. பழைய துண்டைக் கழற்றினால் முனைகள் மங்கிக் கிடக்கும். அழிப்பானால் தேய்ப்பது இங்கே எல்லா மெக்கானிக்குகளின் வழக்கம். மெல்லிய தங்கப் பூச்சும் சேர்ந்து தேயும், துகள்கள் ஸ்லாட்டில் விழும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவிட்டு மாட்டுவது மேல்.

முதல்முறை இயக்கும்போது திரை ஒரு நிமிடம்கூட இருட்டாக இருக்கலாம். புதிய ரேமைக் கணினி பழகிக்கொள்கிறது, பதறி அணைக்காதீர்கள். பல நிமிடமாகியும் வரவில்லை என்றால் கழற்றி மறுபடி அழுத்தமாக மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் சரியாக உட்காராததுதான் காரணம். அன்றிரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை பென் டிரைவில் போட்டு ஓடவிட்டுத் தூங்கப் போகட்டும். காலையில் ஒரே ஒரு பிழை காட்டியிருந்தாலும் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒன்றுதானே என்று விட்டால் தேர்வு நாளில் நீலத்திரையாக வந்து நிற்கும்.

பழைய அரசு மடிக்கணினிக்கு வருகிறேன். அதன் மாடலை நீங்கள் எழுதவில்லை. தமிழ்நாடு அரசு 2011-ல் கொடுக்கத் தொடங்கியவற்றில் ஆரம்ப கால மாடல் என்றால் உள்ளே ஹார்டு டிஸ்க்கும் டிடிஆர்3 ரேமும் இருக்கும். அதற்குப் புது ரேம் வாங்காதீர்கள். அதன் வேகத்தைக் கட்டிப்போட்டிருப்பது பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்தான், 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டாலே ஆள் மாறிவிடும். பிறகும் போதவில்லை என்றால் பழைய மடிக்கணினிகளிலிருந்து கழற்றிய துண்டுகள் சர்வீஸ் கடைகளில் கிடைக்கும். ரேம் தேயும் பொருள் இல்லை, சோதித்து வாங்கினால் போதும். முனைகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் தொடாதீர்கள். தண்ணீர் புகுந்த கணினியிலிருந்து வந்ததாக இருக்கலாம். பிசி3, பிசி3எல் என்ற வித்தியாசத்தையும் பாருங்கள்: எல் உள்ளது 1.35 வோல்ட்டிலும் ஓடும், இல்லாததற்கு 1.5 வோல்ட் வேண்டும். இரண்டும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும், ஆனால் 1.35 மட்டும் தரும் கணினியில் எல் இல்லாத துண்டைப் போட்டால் திரையே வராது. விண்டோஸ் 32-பிட் பதிப்பாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் பயனில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, அந்த வயதுக் கணினியை விண்டோஸ் 11 ஏற்காது. எஸ்எஸ்டி போட்டதும் லினக்ஸ் மின்ட் நிறுவிக் கொடுத்துவிடுங்கள். எழுதவும் படிக்கவும் படம் பார்க்கவும் 4 ஜிபியில் ஓடும்.